பகல் வகையறா

பொழுது சாய்ந்த பிறகு கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வகையறாவைச் சேர்ந்த சில வீடுகளிலும், கூரத்திலிருந்த அவர்களுடைய சம்பந்தி வீடுகளிலும் இதுதான் சட்டம். இதை யார் விதித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்டவரும் இல்லை. பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிக்கொண்டார்கள். அந்தி மங்கலில் நிலைப்படியில் இடித்துக்கொண்ட பிள்ளை "ஓடி வந்தேன், இடிச்சிடுச்சு" என்று சொல்லும். நீட்டிய டம்ளரை வாங்கத் தவறியவர் கை ஈரத்தின் மேல் பழியைப் போடுவார். சுவரைத் தடவிக்கொண்டு வருபவருக்கு "இப்படி வா" என்று குரல் கொடுப்பார்களே தவிர, ஏன் தடவுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஒரு சட்டத்தைச் சுற்றி ஒரு முழு வாழ்க்கையே எழுப்பப்பட்டிருந்தது. தெருவில் மற்ற வீடுகளில் விளக்கேற்றுவதற்கு ஒரு மணி முன்பாகவே அவர்கள் வீடுகளில் டியூப்லைட்டுகள் எரியத் தொடங்கிவிடும். தெருவிலேயே முதலில் இன்வெர்ட்டர் வாங்கியவர் நெசவாளர் கைலாசம்தான். "அவருக்கென்னப்பா, தினமும் திருவிழா" என்று அண்டை வீட்டார் நொடித்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் மாப்பிள்ளை அழைப்பை இரவில் சீரியல் விளக்கும் பேண்டு வாத்தியமுமாக நடத்தும்போது, இவர்கள் காலை வெயிலில் மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள். கேட்டால் பழி குலசாமியின் தலையில் விழும். "எங்க சாமிக்கு விளக்கு வெச்சப்புறம் நல்ல காரியம் ஆகாது." சாமியின் பெயரால் சொல்லப்படும் பொய்யை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஊர் அவர்களுக்குப் பகல் வகையறா என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டது.

பெண் கொடுப்பதும் எடுப்பதும் வகையறாவுக்குள்ளேயேதான். வெளியே கொடுத்தால் முதல் வாரமே கேள்வி வரும். உள்ளே கொடுத்தால் கேள்வியே வராது.

கைலாசத்தின் மூத்த மகள் அகிலாவுக்கு இந்தச் சட்டம் இரண்டாவது தோலாக இருந்தது. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டால் பகலில் அவளுக்கு எல்லாம் தெரியும். அப்பாவின் தறியில் ஓடும் இரண்டு அரக்கு நிறங்களுக்கு இடையிலுள்ள பேதம்கூடத் தெரியும். வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் உலகம் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையாகிவிடும். மற்றவர்களுக்கு அந்தி மெல்ல வரும். அவளுக்கு அது கதவை அறைந்து சாத்தும். அப்பாவுக்கும் அப்படித்தான். அம்மா தில்லையம்மாளுக்கும் தங்கை அனுவுக்கும் அந்தக் குறை இல்லை. பங்குனி உற்சவத்தின்போது விளக்குகளோடு வரும் சுவாமி அகிலாவுக்கு ஓர் ஒளித் திட்டாகத் தெரிவார்; அவரைச் சுற்றியிருக்கும் ஜனமும் படியும் பள்ளமும் கிடையாது. அனுவின் விரல்கள் அவளுடைய மணிக்கட்டைப் பற்றியிருக்கும். அந்தப் பிடி எங்கே இழுக்கிறதோ அங்கே அவள் கால் வைப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சித்தப்பா கலியன் செத்தபோதும் பேசவில்லை. பட்டுக்குச் சாயம் தோய்க்கும் வேலை அவருக்கு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கூரத்திலிருந்து திரும்பிய ஒரு நாள் பஸ் வழியில் பழுதாகி நின்றுபோக, வெளிச்சம் மங்குவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று நடக்கத் தொடங்கியவர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஒரு கம்பெனி பஸ்ஸின் முன்னால் போய் நின்றுவிட்டார். "சாலைன்னே தெரியாத மாதிரி நடந்து வந்தாரு சார்" என்று டிரைவர் அழுதான். ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்தவர்களில் ஒருவர் கைலாசத்திடம், "தண்ணி போட்டிருந்தாரா?" என்று கேட்டார். வெற்றிலை போட்டாலே தலை சுற்றுகிறது என்று துப்பிவிடும் மனிதர் கலியன். கைலாசம், தரையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்றிருந்த அகிலா அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஊருக்குக் கலியன் குடிகாரன்.

அதன் பிறகுதான் அவள் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் அநாதை ஏற்பிகள். உடம்பிலுள்ள செல்களின் மேலுறையில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பெருங்கூட்டம் ஜி-புரதம் என்ற துணையோடு வேலை செய்பவை. வெளியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உரிய ஒரு மூலக்கூறு வந்து தொட்டால், செய்தி உள்ளே போகும். பசிக்கும், பயம் எழும், இதயம் வேகம் கொள்ளும். மருந்துக் கடையில் விற்கும் மாத்திரைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தக் கூட்டத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டே வேலை செய்கிறது. ஆனால் இவற்றில் நூறையொட்டிய ஏற்பிகளைத் தொடுவது எது என்று இதுவரை எவருக்கும் தெரியாது; அநாதை என்ற பெயர் அதனால்தான். உடம்பு அவற்றைத் தவறாமல் செய்து வைக்கிறது. எதற்காக என்று சொல்வதில்லை. ஆய்வகத்து எலியிடமிருந்து அவற்றில் ஒன்றை நீக்கினால் அது கொழுக்கிறது. வேறொன்றை நீக்கினால் பயப்பட மறக்கிறது. மனச்சிதைவு, மறதி நோய், உடற்பருமன் என்று பல வியாதிகளின் பின்னால் இந்தப் பெயர் தெரியாதவற்றின் நிழல் விழுந்திருப்பதாகச் சந்தேகம். மூளையிலுள்ள அப்படியோர் ஏற்பியின்மீது வேதிப்பொருட்களை ஒவ்வொன்றாகச் சொட்டிப் பார்ப்பதே அகிலாவின் வேலை. ஏற்பி விழித்துக்கொண்டால் செல் மினுங்கும். அந்த மினுக்கத்தை இயந்திரம் அளந்து சொல்லும். ஆண்டுக் கணக்கில் இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் இரவெல்லாம் ஆய்வகத்தில் கிடக்க, அவள் மட்டும் வெயில் இருக்கும்போதே விடுதிக்குக் கிளம்பிவிடுவாள். 'அஞ்சு மணி அகிலா' என்று பெயர் வைத்தவன் உடன் ஆராயும் விமல்ராஜ். கெட்டவன் அல்ல, வாய் சும்மா இருக்காது.

அவன்தான் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திரையில் ஒரு விழித்திரையின் படத்தைக் காட்டினான்.

"நோயோட தொடர்பு நல்லா நிரூபணமான அநாதைங்க கொஞ்சம்தான். அதுல இது ஒண்ணு. விழித்திரையில, ஒளியை வாங்குற செல்லுக்கு அடுத்த வரிசையில உட்கார்ந்திருக்கு. இது பழுதானா மங்கலான வெளிச்சத்தோட செய்தி அங்கேயே நின்னுடும். மூளைக்குப் போகாது. பகல்ல சமாளிச்சிடுவாங்க. பொழுது சாஞ்சா அவ்வளவுதான். பிறவியிலேயே வர்றது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

"யாருக்கு வருது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அம்மாகிட்டேருந்து அந்த மரபணுவோட ஒரு பழுதான பிரதி, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் வரும் மேடம். ஒரு பிரதி மட்டும் இருந்தா ஒண்ணும் தெரியாது, நல்லா இருப்பாங்க. அதனால சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல அதிகம்." கடிகாரத்தைப் பார்த்தான். "என்ன அகிலா, அஞ்சாகப் போகுது. இன்னும் கிளம்பலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அகிலாவும் சிரித்தாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெயில் இருந்தது. இருந்தும் அன்று அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

பின்னர் ஒரு கண் மருத்துவமனையில் இரத்தம் கொடுத்தாள். இரண்டு பிரதிகளும் பழுது என்று மருத்துவர் நிதானமாகச் சொன்னார். "இப்போதைக்கு மருந்து இல்லம்மா. அந்த ஏற்பி எப்படித் தூண்டப்படுதுங்கறதே இன்னும் சரியாப் பிடிபடல." அந்தப் பதிலை அவரைவிட நன்றாக அறிந்தவள் அகிலா. தலையாட்டிவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். அங்கேயே, விரல் மடக்கி, தன் சொந்தபந்தங்களை வரிசைப்படுத்திப் பார்த்தாள். அப்பா, சித்தப்பா, கூரத்து அத்தை, அத்தையின் மகள். குலசாமி எங்கும் தென்படவில்லை. கேள்வி வராமலிருக்க உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்தார்கள். உள்ளுக்குள்ளேயே கொடுத்ததால் அது பெருகியது. பெருகியதால் இன்னும் இறுக்கமாக உள்ளுக்குள்ளேயே கொடுத்தார்கள். மறைப்பதற்காகச் செய்த ஏற்பாடே மறைக்க வேண்டியதை விளைவித்துக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் அம்மா போன் செய்தாள். அனுவுக்கும் கூரத்து மாமா முத்துக்குமாரின் மகன் சிவபாலனுக்கும் நிச்சயம் குறித்தாயிற்று.

அகிலா நிச்சயத்துக்கு முந்தின நாளே ஊர் வந்து சேர்ந்தாள். அடுக்களையில் தில்லையம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து தறியின் ஓசை வந்துகொண்டிருந்தது.

"அம்மா, கூரத்து அத்தைக்கும் நம்ப அப்பாவுக்கும் ஒரே குறைதானே?"

தில்லையம்மாளின் கை நின்றது; மீண்டும் உரித்தது. "மாமனுக்கு ஒரு போனைப் போடு. அங்க மழை எப்படி இருக்குதுன்னு கேளு."

"நான் டெஸ்டு எடுத்துட்டேம்மா. இது சாமி குத்தம் இல்ல. அப்பாவுக்கு இருக்கறதால அனுகிட்ட ஒரு பிரதி கட்டாயம் இருக்கும். அத்தைக்கு இருக்கறதால சிவாகிட்டயும் ஒண்ணு இருக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் பொறக்கற புள்ளைல நாலுக்கு ஒண்ணு—"

"மெதுவாப் பேசு." தில்லையம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு குரல் தாழ்ந்து, ஏறக்குறைய கெஞ்சலாக வந்தது. "சொல்லாத வரைக்கும்தாண்டி அது சாமி குத்தம். வாயால சொல்லிட்டா அது வியாதி. சாமி குத்தம் இருக்கற வூட்டுல பொண்ணு எடுப்பான். வியாதி இருக்கற வூட்டுல எவன் எடுப்பான்?"

"அதுக்காகச் சித்தப்பாவைக் குடிகாரன்னு சொல்லலாமா?"

"குடிகாரன் அண்ணன் பொண்ணுன்னா கட்டிக்குவாங்க. குருட்டு வம்சம்னா?" வெங்காயத் தோலை ஒரே குவியலாக ஒதுக்கினாள். "உங்கப்பா அன்னிக்குத் தலையாட்டினது உங்க ரெண்டு பேருக்காகத்தான். இன்னி வரைக்கும் அந்த மனுஷன் தம்பி படத்தை நிமிர்ந்து பாத்ததில்ல. தெரியுமா உனக்கு?"

தறியின் ஓசை எப்போதோ நின்றுபோயிருந்தது. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது அகிலாவுக்கு விளங்கியது. அவர் எழுந்து வரவில்லை. சற்றைக்குப் பின் ஓசை மறுபடி தொடங்கியது.

மத்தியானம் மொட்டை மாடியில் அனுவைப் பிடித்தாள். மழைக்கு முந்திய வெயில் சுள்ளென்று இருந்தது. அனு ஒரு பட்டு ஜவுளிக்கடைக்குக் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக் கொடுப்பவள், கலகலவென்று பேசுபவள். கொடியிலிருந்த துணிகளை உருவித் தோளில் போட்டபடியே அக்கா சொன்ன அவ்வளவையும் கேட்டாள்.

"நாலுல ஒண்ணுன்னா, மீதி மூணு நல்லா இருக்கும்தானே?"

"வெளயாடாதே, அனு."

"நான் வெளயாடலக்கா. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நீ பொறந்திருக்கக் கூடாதுன்னு சொல்றியா?"

அகிலா படித்த கட்டுரைகளில் அந்தக் கேள்வி எங்கும் இல்லை.

"சின்ன வயசுலேருந்து உன் கையைப் புடிச்சி இட்டுக்கினு போனது நான்தானே?" அனுவின் குரல் தடித்தது. "ஒரு நாளாவது சலிச்சிக்கினு இருக்கேனா? என் புள்ளையை மட்டும் புடிக்க மாட்டேனா?"

"புடிப்ப. நான் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலடி. ஏன் புடிக்கறேன்னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லுவியா?"

அனு ஒரு புடவையை உதறினாள். வேண்டியதற்கு மேல் உதறினாள். "வளந்தா தானா புரிஞ்சிக்கும். நாம புரிஞ்சிக்கல?"

"சிவாவாவது இதைப் பத்திப் பேசியிருக்கானா?"

"அவங்கம்மாவைப் பாத்துதானே அவரு வளந்தாரு. தெரியாம இருக்குமா? பேசினதில்ல."

"கட்டிக்கப் போறீங்க. பேசினதில்லயா?"

"நீ யாருகிட்ட பேசியிருக்க, சொல்லு? மெட்ராஸ்ல இத்தினி வருஷமா இருக்கறியே, உன் ஃபிரெண்ட்ஸ் ஒருத்தருக்காவது தெரியுமா?" கேட்டு முடித்ததும் அனுவுக்கே கோபம் வடிந்தது. அருகில் வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பகல் வெளிச்சத்தில், தேவையில்லாத நேரத்தில். "நாளைக்கி ஒரு நாள் வாயை மூடிக்கினு இருக்கா. சின்ன காஞ்சிபுரம் ஆதிகேசவன் வரப்போறாரு. நம்ப வகையறாவுல உனக்கேத்த பையன் இல்லன்னு, வெளில மாப்பிள்ளை பாக்கத்தான் அம்மா அவரைக் கூப்பிட்டிருக்குது. அந்தாளு காதுல வுழுந்துதுன்னா ஊரே கேட்டுதுன்னு அர்த்தம். நம்ப வூட்டுல ஒரு பொண்ணும் நிக்க முடியாது. எனக்காக."

அகிலா சரி என்றாள்.

மறுநாள் காலையிலேயே கூரத்து ஜனம் வேனில் வந்து இறங்கியது. முத்துக்குமார் மாமா, அத்தை, சிவபாலன், அவனுடைய அக்கா மஹாலட்சுமி, அவளுடைய ஐந்து வயது மகள் பவி. மஹாலட்சுமி கண் விஷயத்தில் தாயைக் கொண்டு பிறந்தவள். பவி மஹாலட்சுமியைக் கொண்டு. கல்யாணத் தரகர் ஆதிகேசவன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்ததும் கூரையைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னா கைலாசம், ஆளுக்கு ஒரு டியூப்லைட்டா? கலெக்டர் ஆபீஸ்ல கூட இவ்ளோ வெளிச்சம் இல்லப்பா."

"எங்க சிவா நைட் ஷிப்டுகூட அசால்ட்டாப் பாக்கறான்" என்றார் முத்துக்குமார், சம்பந்தமே இல்லாமல். அந்த வகையறாவில் ஒரு பிள்ளையைப் பற்றி அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது.

"அதுல இன்னா பெருமை? ஏடிஎம் வாசல்ல இருக்கற வாட்ச்மேனும்தான் பாக்கறான்." கூடம் சிரித்தது. ஆதிகேசவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கலியனின் படத்தைப் பார்த்தார். "பாவம், இவன் அந்தக் கருமத்தைக் குடிக்காம இருந்திருந்தா இன்னிக்கு சபையில இருந்திருப்பான். இல்லியா கைலாசம்?"

கைலாசம் தலையாட்டினார். இரண்டாவது முறை அவருக்கு அது சுலபமாக இருந்ததோ, இன்னும் கடினமாக இருந்ததோ, அகிலாவால் கணிக்க முடியவில்லை. தட்டு மாற்றினார்கள். அனுவின் முகம் மலர்ந்திருந்தது. அதை அகிலா மனதார ரசித்தாள். அன்றைய நாளில் அவளுக்குக் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான்.

பந்தி நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போயிற்று, இன்வெர்ட்டர் தாங்கியது. மூன்று மணிக்குக் கிளம்புவதாக இருந்த வேன் கிளம்பவில்லை. ஏரித் தண்ணீர் சாலையில் ஓடுவதாக டிரைவர் வந்து சொன்னான். காற்றும் மழையும் வலுக்க, மேகம் வீட்டுக் கூரைமேலேயே வந்து உட்கார்ந்ததுபோல் வெளிச்சம் குறைந்தது. மத்தியானத்திலிருந்து ஓய்வின்றி எரிந்த விளக்குகளின் பாரம் தாங்காமல் இன்வெர்ட்டர் விட்டுவிட்டு அலறியது. பிறகு அலறலும் நின்றது. விளக்குகள் அணைந்தன.

அகிலாவுக்குக் கூடம் இல்லாமல் போயிற்று.

"மழையில இப்படி உக்காந்துக்கினு இருக்கறதும் ஒரு சொகம்தான்" என்றது ஆதிகேசவனின் குரல். "மணி அஞ்சரைகூட ஆகல. இன்னும் பொழுது போகல பாரு."

அவருக்கு எல்லாம் தெரிகிறது என்று அகிலா புரிந்துகொண்டாள். அம்மாவுக்கும் அனுவுக்கும் சிவாவுக்கும் தெரியும். அந்த மங்கல் அவர்களுக்கு வெறும் மழைநாள். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஒருவரும் டார்ச்சைத் தட்டவில்லை. கண் தெரிகிற நேரத்தில் டார்ச்சைத் தட்டினால் ஏன் என்று தரகர் கேட்பார். அதனால் கண் தெரியாதவர்கள் இருந்த இடத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் குறைந்தது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள் பவி. அவள் அகிலாவுக்கு மிக அருகில், மஹாலட்சுமியின் மடியை ஒட்டி இருந்தாள்.

"அடக்கிக்கோ."

"அவசரமா வருதும்மா."

"மாமா வேன் கொண்டாந்ததும் போலாம்" என்றாள் மஹாலட்சுமி. கழிப்பறை பின்கட்டு முற்றத்தைத் தாண்டி. அங்கே போய்ச் சேர அவளாலும் முடியாது.

"குழந்தையை ஏம்மா அடக்கச் சொல்றே? அதோ பின்கட்டுக் கதவு தொறந்துதானே இருக்குது. ஓடு பாப்பா" என்றார் ஆதிகேசவன்.

"எங்க இருக்குது? ஒண்ணுமே தெரியல. எல்லாம் கருப்பா இருக்குது."

அறை விழுந்த ஓசை மழையை மீறிக் கேட்டது. கண் தெரியாமல் அடித்ததால் அது கன்னத்தில் விழுந்ததா, காதில் விழுந்ததா என்று மஹாலட்சுமிக்கே தெரிந்திருக்காது.

"தூக்கக் கலக்கம்" என்றாள் தில்லையம்மாள் அவசரமாக. "மத்தியானம் தூங்கல இல்ல, அதான்."

"அப்படிலாம் சொல்லக் கூடாது. தெரியுது சொல்லு" என்று மஹாலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "சொல்லுடி."

விம்மல்களுக்கு நடுவே குழந்தையின் குரல் வந்தது. "தெரியுதும்மா. எல்லாம் தெரியுது. கதவு தெரியுது. தாத்தா தெரியறாரு. அடிக்காத."

தனக்கு இது எந்த வயதில் நடந்தது என்று அகிலா நினைவில் தேடினாள். கிடைக்கவில்லை. நடந்திருக்க வேண்டும். யாரோ ஒருவருடைய கை, அன்பும் பயமுமாக, அவள் வாயையும் இப்படி மூடியிருக்க வேண்டும். அப்பாவின் வாயை, சித்தப்பாவின் வாயை. இன்றைக்குத் தட்டு மாற்றிய இருவருக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால், இதே கூடத்தில், பற்றி நடத்தும் அனுவின் அந்த நல்ல விரல்களே அதன் வாயையும் மூடும்.

"என்னம்மா இது, புள்ளையைப் போட்டு அடிச்சிக்கினு" என்றார் ஆதிகேசவன், நிஜமான வருத்தத்தோடு. "அகிலா, நீதான் பக்கத்துல இருக்கறே. பாப்பாவைச் சட்டுனு அழைச்சிக்கினு போயிட்டு வாம்மா."

ஒரு புடவை சரசரத்தது. "நான் போறேன்" என்று அனு எழுந்தாள்.

"உக்காரு, அனு."

"அக்கா." அந்த ஒரு சொல்லில் நேற்றைய மாடியும், அவள் கேட்டு வாங்கிய சரியும், அத்தனை வருடங்களின் பிடியும் இருந்தன. "வேணாம்க்கா."

அகிலா எழுந்து நின்றாள். காலடியில் எதுவோ தட்டுப்பட்டு உருண்டது. டம்ளராக இருக்க வேண்டும். "கை தவறிடுச்சு" என்று யாரோ பழக்க தோஷத்தில் சொன்னார்கள். அவள் கைகளைக் காற்றில் நீட்டித் துழாவினாள், எல்லோரும் பார்க்கும்படியாக. அவள் அப்படிச் செய்வது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பவியின் எண்ணெய் பூசிய தலை கையில் தட்டுப்பட்டது. அதைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல, பவி" என்றாள். பிறகு, ஆதிகேசவன் இருந்ததாக அவள் நினைத்த திசையில் முகத்தைத் திருப்பிக் குரலை உயர்த்தினாள். அது அவர் இருந்த திசை அல்ல.

"ஐயா, எனக்குக் கண்ணு தெரியல. வெளிச்சம் கொறைஞ்சா எங்களுக்குக் கண்ணு தெரியாது. எனக்கு, எங்கப்பாவுக்கு, அத்தைக்கு, மஹாவுக்கு, இந்தக் குழந்தைக்கு. செத்துப்போன சித்தப்பாவுக்கும் அப்படித்தான்; அவரு குடிச்சதே இல்ல. இது பொறவியிலேயே வர்றது, சாமி குத்தமில்ல. கண்ணு தெரியறவங்க யாராவது எழுந்து வந்து எங்க ரெண்டு பேரு கையையும் புடிங்க. குழந்தை பின்கட்டுக்குப் போகணும்."